திரும்பி வந்த ரத்தப் புற்றும் மாற்று மஜ்ஜையும்

1977-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மருத்துவர் டொனல் தாமஸும் அவருடைய குழுவினரும் 100 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். நூறு பேருக்கும் அக்யூட் லுக்கேமியா என்கிற தீவிர ரத்தப் புற்றுநோய். அன்றைக்கு இருந்த மருந்துகளையெல்லாம் பார்த்து முடித்தவர்கள். நோய் ஒரு முறை அடங்கித் திரும்பி வந்தவர்கள், இல்லையென்றால் எந்த மருந்துக்கும் அசையாதவர்கள். சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை மிக அதிக அளவில் செலுத்தி, உடம்பு முழுவதும் கதிர்வீச்சு கொடுத்து, உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜையை அவர்களுக்கு ஏற்றியிருந்தார்கள். கணக்கெடுத்தபோது 13 பேர் நோயில்லாமல் உயிரோடு இருந்தார்கள்.

நூற்றுக்குப் பதின்மூன்று என்பது இன்றைக்குக் கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரும் அன்று வேறு எந்த வழியிலும் பிழைத்திருக்க முடியாதவர்கள். திரும்பி வந்த ரத்தப் புற்றை யாராலும் குணமாக்க முடியாது என்ற பேச்சு அவர்களால் பொய்யானது. தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பேச்சு நம் ஊர்ப்பக்கம் இன்னும் ஓயவில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்று என்றால் பெரும்பாலும் முதலில் போகும் இடம் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். சிகிச்சை இரண்டரை வருடம், மூன்று வருடம் நடக்கிறது. முடி கொட்டி மறுபடி முளைக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குகிறது. அப்புறம் ஒரு நாள் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, மஜ்ஜையில் மறுபடி புற்றணுக்கள். "திரும்ப வந்துடுச்சாம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். சில வீடுகளில் பயணம் அத்தோடு நின்றுபோகிறது. நிற்கக் கூடாத இடம் அது. அங்கிருந்து என்ன செய்ய முடியும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை விளக்கமாகச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நோய் ஏன் திரும்புகிறது? முதன்முதலில் கண்டுபிடிக்கப்படும்போது ஒரு நோயாளியின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் மாதச் சிகிச்சை முடிந்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது மஜ்ஜையில் அவை 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை என்கிறோம். அந்த நிலையிலும் ஆயிரம் கோடி அணுக்கள் வரை மிச்சமிருக்கலாம். மல்லாட்டைக் கொல்லையில் கோரையைக் களைகொத்தால் வெட்டிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும், மழை விழுந்ததும் தலையெடுக்கும். அதைப் போல மிச்ச அணுக்களில் சில, மருந்துக்கு மசியாத மரபணு மாற்றத்தை முன்பே பெற்றவை. முதல் நோயில் அவை ஒரு சிறு கூட்டம். மருந்து மற்றவற்றை அழித்தபின் அந்தக் கூட்டம் பெருகுகிறது. அதனால்தான் திரும்பி வரும் நோய் முதல் நோயைவிட முரட்டுத்தனமாக இருக்கிறது.

மூளையைச் சுற்றியுள்ள நீரும் ஆண் பிள்ளைகளின் விரையும் மருந்து சரியாக எட்டாத இடங்கள். அங்கே ஒளிந்திருந்தும் வரும். நீண்ட மாத்திரைக் காலத்தில் அடிக்கடி மாத்திரை விட்டுப்போனால் ஆபத்து கூடும் என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு வேளை தவறாமல் கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கும் நோய் திரும்பியிருக்கிறது. அந்தத் தாயிடம் போய் "நீ சரியா பார்த்துக்கல" என்று சொல்வது அறிவியலும் ஆகாது, மனிதத்தன்மையும் ஆகாது.

திரும்பிய நோய் எல்லாவற்றுக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்போபிளாஸ்டிக் வகையில், நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு 36 மாதம் கடந்தபின் திரும்பி, புது மருந்துகளுக்கு உடனே அடங்கிவிட்டால் மருந்தாலேயே குணமாக வாய்ப்பு உண்டு. 36 மாதத்துக்குள் மஜ்ஜையில் திரும்பினால், அல்லது டி செல் என்ற வெள்ளணு வகையிலிருந்து தோன்றியதாக இருந்தால் மாற்று மஜ்ஜைதான் வழி. பெரியவர்களிடம் அதிகம் காணும் மைலாய்ட் வகை திரும்பினாலும் பெரும்பாலும் அதே முடிவுதான். மைலாய்ட் வகையிலேயே புரோமைலோசைட்டிக் என்ற உட்பிரிவு தனிக்கதை. அதற்கு ஆர்சனிக் டிரையாக்சைடு மட்டும் கொடுத்தே நீண்ட கால நிவாரணம் கிடைக்கும் என்று காட்டியதில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

வரிசை முக்கியம் என்று சொன்னேன். மாற்று மஜ்ஜை ஏற்றுவதற்கு முன் நோயை மறுபடி அடக்கியாக வேண்டும். நோய் கண்கூடாக இருக்கும்போதே மஜ்ஜை ஏற்றப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மைலாய்ட் வகையில் 19 சதவீதம், லிம்போபிளாஸ்டிக் வகையில் 16 சதவீதம். நோயை அடக்கிவிட்டு, இரண்டாவது ரெமிஷனில் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேர் தப்புகிறார்கள், குழந்தைகளில் அதற்கு மேலும். இப்போது நுண்ணோக்கியோடு நின்றுவிடுவதில்லை. பத்தாயிரம் அணுக்களில் ஒரு புற்றணு இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் எம்.ஆர்.டி. பரிசோதனை இருக்கிறது. அதிலும் ஒன்றும் தெரியாத நிலையில் மஜ்ஜை ஏற்றப்படுபவருக்குத்தான் வாய்ப்பு மிக அதிகம்.

சிக்கல் என்னவென்றால் இரண்டாவது ரெமிஷன் நெடுநாள் நிலைக்காது. சில வாரங்கள், சில மாதங்கள்தான். அந்த இடைவெளிக்குள் கொடையாளர், பணம், மருத்துவமனைப் படுக்கை மூன்றும் கூடிவர வேண்டும். நோய் அடங்கட்டும், பிறகு கொடையாளரைத் தேடுவோம் என்று காத்திருந்தால் தேடி முடிப்பதற்குள் நோய் முந்திக்கொள்ளும். ஆகவே நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்த வாரத்திலேயே கொடையாளர் பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனைக்குக் குடும்பத்தார் எல்லோருடைய ரத்தமும் போய்விட வேண்டும். சொல்லப்போனால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று முதல் நோயின்போதே தெரிந்தவர்களுக்கு அப்போதே செய்துவைப்பது நல்லது. சிகிச்சையின் மொத்தச் செலவில் இது மிகச் சிறு பங்கு.

அந்தப் பரிசோதனை எதைப் பார்க்கிறது என்று சொல்வதற்கு முன், மாற்று மஜ்ஜை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர்களே நெடுநாள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் நினைத்தது இது. புற்றை அழிப்பது கதிர்வீச்சும் மருந்தும். அந்த அளவு கொடுத்தால் நல்ல மஜ்ஜையும் சேர்ந்து அழிந்துவிடும். அழிந்ததை ஈடுகட்ட வேறொருவரின் மஜ்ஜை. தாமஸ் 1957-ல் ஆறு நோயாளிகளுக்கு அப்படி ஏற்றினார், ஒருவரும் நிலைக்கவில்லை. பிறகு ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு மற்றவரின் மஜ்ஜையை ஏற்றினார். மஜ்ஜை அழகாக ஒட்டிக்கொண்டது. ஆனால் சில மாதங்களில் புற்று திரும்பிவிட்டது. அச்சு அசலான மஜ்ஜை, எந்த ஒவ்வாமையும் இல்லை, ஆனாலும் தோல்வி. 1961-ல் கனடாவின் டொரன்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மக்கல்லக் இருவரும், மஜ்ஜையில் எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான குருத்தணுக்கள் இருப்பதை எலிகளில் நிரூபித்தார்கள். எது ஒட்டிக்கொள்கிறது என்பது தெளிவானது. எது குணமாக்குகிறது என்பது அப்போதும் தெளிவாகவில்லை.

1979-ல் சியாட்டில் குழுவினர் தங்கள் நோயாளிகளின் ஏடுகளைப் புரட்டியபோது ஒரு விஷயம் தென்பட்டது. மாற்று மஜ்ஜையோடு வரும் கொடையாளரின் வெள்ளணுக்கள் சில நேரம் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் அந்நியம் என்று எண்ணித் தாக்கும். ஒட்டுத் திசு ஒவ்வாமை என்று அதற்குப் பெயர். உயிரையே வாங்கக்கூடிய தொல்லை. அந்தத் தொல்லை வந்து பிழைத்தவர்களுக்குப் புற்று திரும்புவது குறைவாக இருந்தது. 1990-ல் பல நாடுகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது உறுதியானது. ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது. கொடையாளரின் டி செல்களை நீக்கிவிட்டு ஏற்றினாலும் அப்படியே.

இதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் புற்றணுவோடு பழகிப்போய்விட்டன. அதை வீட்டு ஆள் என்று விட்டுவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் அணுக்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மருந்துக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றணுவை அவை இனங்கண்டு கொல்கின்றன, ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்காக. மருந்து தோற்ற இடத்தில் மாற்று மஜ்ஜை வெல்வதற்குக் காரணம் அது வேறு வகை ஆயுதம் என்பதே. இதைப் புரிந்துகொண்டால், திரும்பி வந்த நோய்க்கு அதே மருந்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் முதன்முதலாக மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-ல் சுரேஷ் அத்வானி மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைச் செய்தார். மைலாய்ட் வகை ரத்தப் புற்று வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜை. போலியோவால் சக்கர நாற்காலியில் இயங்கியவர் அத்வானி. சியாட்டிலில் தாமஸிடம் பயின்று வந்தவர். தமிழ்நாட்டில் 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் மம்மன் சாண்டி தொடங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயிலில் இன்றும் அந்த மருத்துவமனைக்குப் போகும் நோயாளிகளைப் பார்க்கலாம். திண்டிவனத்துக்காரர்களுக்கு வந்தவாசி, ஆரணி வழியாகப் பேருந்து. சென்னையில் அரசு, தனியார் இரண்டிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

இனி எச்.எல்.ஏ. ஒவ்வோர் அணுவின் மேற்பரப்பிலும் 'நான் இந்த உடம்பைச் சேர்ந்தவன்' என்று காட்டும் புரதங்கள் அவை. 1958-ல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் தோசே முதல் எச்.எல்.ஏ. புரதத்தைக் கண்டறிந்தார்; அவருக்கும் பின்னாளில் நோபல் கிடைத்தது. இவற்றின் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரே கொத்தாக அமர்ந்திருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. அப்பாவிடம் இரண்டு, அம்மாவிடம் இரண்டு என்பதால் பிள்ளைக்கு நான்கு விதமான சேர்க்கைகள் சாத்தியம். உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று உடன்பிறப்புகள் இருந்தால் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு 58 சதவீதம். நம் தாத்தா காலத்தில் வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள். இன்றைக்கு வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றுக்கு நோய் வந்தால் பார்ப்பதற்கு மிச்சம் ஒரே ஒருவர், நான்கில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊர் உறவுமுறையில் வேறொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. தாய்மாமனைக் கட்டியவர்கள், அத்தை மகனையோ மாமன் மகனையோ கட்டியவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரு எச்.எல்.ஏ. கொத்து பொதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், இருவருக்கும் அது ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும். அப்பாவின் கொத்துகளை அ, ஆ என்றும் அம்மாவின் கொத்துகளை அ, இ என்றும் வைத்துக்கொள்வோம். பிள்ளை அப்பாவிடம் ஆ-வையும் அம்மாவிடம் அ-வையும் வாங்கியிருந்தால் அந்தப் பிள்ளையும் அப்பாவும் முழுப் பொருத்தம்! சாதாரணமாகப் பெற்றோர் பிள்ளைக்குப் பாதிதான் பொருந்துவார்கள். இங்கே அப்பாவே முழுக் கொடையாளர் ஆகிவிடுகிறார். இதே காரணத்தால் சித்தப்பா, அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள் வரை பரிசோதித்தால் முழுப் பொருத்தம் கிடைத்துவிடுவதுண்டு. ஆகவே தென்னிந்திய மருத்துவமனைகளில் உறவுமுறை வரைபடத்தை நிதானமாக எழுதி வாங்குவது சடங்கு வேலை அல்ல. "உங்க கல்யாணம் சொந்தத்துலயா?" என்று மருத்துவர் கேட்டால் அதைக் குற்றம் சாட்டும் கேள்வியாக எடுத்துக்கொண்டு மறைக்க வேண்டாம். சொந்தத்தில் மணப்பது வேறு பல மரபணு நோய்களைக் கூட்டுகிறது என்பது உண்மை, அதை ஊக்குவிக்க நான் இதைச் சொல்லவில்லை. நடந்துவிட்ட திருமணத்தில் இருக்கும் இந்த ஒரு வாய்ப்பைக் கைவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முழுப் பொருத்தம் யாரிடமும் இல்லையென்றால்? இருபது வருடங்களுக்கு முன் அது ஏறக்குறைய முட்டுச்சந்து. பாதிப் பொருத்தத்தில் மஜ்ஜை ஏற்றினால் கொடையாளரின் டி செல்கள் வெறிகொண்டு தாக்கின. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ லுஸ்னிக், எப்ரைம் ஃபூக்ஸ் முதலியோர் 2008-ல் வெளியிட்ட வழி அந்தச் சந்தைத் திறந்துவிட்டது. மஜ்ஜை ஏற்றிய மூன்றாவது நாளும் நான்காவது நாளும் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தார்கள். தாமஸ் அந்த நூறு பேருக்கு மஜ்ஜை ஏற்றுவதற்கு முன்னால் கொடுத்த அதே மருந்து. இவர்கள் அதைப் பின்னாலும் கொடுத்தார்கள். அந்நிய உடம்பைக் கண்டு கோபித்து வேகமாகப் பெருகத் தொடங்கும் டி செல்கள் சரியாக அந்த இரண்டு நாட்களில் மருந்துக்கு அகப்பட்டுக்கொள்கின்றன. சாந்தமாக இருக்கும் மற்ற டி செல்கள் தப்புகின்றன. குருத்தணுக்களிடம் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி நிறைய இருப்பதால் அவற்றுக்கும் ஒன்றும் ஆவதில்லை. காப்புரிமைச் சிக்கல் இல்லாத, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும், மலிவான மருந்து. இந்தத் துறையில் கடந்த ஐம்பது வருடங்களில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை இதுதான் என்று நான் கருதுகிறேன். அம்மா, அப்பா எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். பெற்ற பிள்ளைகளும் எப்போதும் பாதியாவது பொருந்துவார்கள். உடன்பிறந்தவர் பாதியாவது பொருந்த நான்கில் மூன்று வாய்ப்பு. கொடையாளரே இல்லை என்று சொல்ல வேண்டிய குடும்பம் அரிதாகிவிட்டது.

பாதிப் பொருத்தத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நோயாளி ஒரு தாய், கொடையாளர் அவள் பெற்ற மகன் என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சுமந்த பத்து மாதத்தில், அவன் தகப்பனிடமிருந்து பெற்ற எச்.எல்.ஏ. புரதங்களுக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்திருக்கலாம். அது ரத்தத்தில் அதிகம் இருந்தால் மகனின் குருத்தணுக்கள் ஒட்டாமல் போகலாம். அதற்குப் பரிசோதனை இருக்கிறது. கிட்டத்தட்ட இதே காரணத்துக்காகத்தான் நோயாளிக்கு ரத்தமும் தட்டணுவும் தேவைப்படும்போது கூடப்பிறந்தவர்களும் பெற்றோரும் நேரடியாக அவருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறோம். ரத்த வங்கியில் யூனிட்டுக்கு ஆள் கூட்டிவரச் சொன்னால் அண்ணன்தான் முதலில் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு நிற்பான். அவன் கொடுக்கும் ரத்தம் வேறு நோயாளிக்குப் போகட்டும். அவன் மஜ்ஜை பிறகு தேவைப்படும்.

முழுப் பொருத்தத்தை வெளியாரிடம் தேடும் வழியும் இருக்கிறது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவி எடுத்து எச்.எல்.ஏ. விவரத்தைப் பதிந்துகொள்கின்றன. உலகம் முழுக்க 4 கோடிப் பேர் பதிந்திருக்கிறார்கள், ஆனால் நம் எச்.எல்.ஏ. கொத்துகள் ஜெர்மானியரிடமோ அமெரிக்கரிடமோ கிடைப்பது அரிது. இந்தியாவில் பதிந்தவர்கள் சில லட்சம் பேரே. 10 லட்சம் இந்தியர்கள் பதிந்தால் பத்தில் ஆறு நோயாளிகளுக்குப் பொருத்தம் கிடைக்கும் என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தார் ரத்ததான முகாம் நடத்தும் நாளிலேயே இந்தப் பஞ்சுப் பதிவையும் சேர்த்து நடத்தினால் கூடுதல் செலவோ சிரமமோ பெரிதாக இராது.

கொடுப்பவருக்கு என்ன ஆகும் என்ற பயம் ஊர்ப்பக்கம் நிறைய. முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுப்பார்கள், இடுப்பு விளங்காமல் போய்விடும், பிள்ளை பிறக்காது என்று பெண் கொடுத்த வீட்டார் மருமகனைத் தடுத்துவிடுவதும் நடக்கிறது. முதுகுத்தண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மஜ்ஜையாக எடுத்தால் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். சில நாள் வலி இருக்கும். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. நான்கைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட்டால் குருத்தணுக்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் இறங்கிவரும். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரம் குருத்தணுக்களைப் பிரித்துக்கொண்டு, மறு கை வழியாகத் திருப்பி ஏற்றும். நான்கைந்து மணி நேர வேலை. ஊசி நாட்களில் எலும்பு குடையும், மாத்திரைக்கு அடங்கும். எடுத்த குருத்தணுக்களை உடம்பு விரைவிலேயே ஈடுகட்டிவிடும்.

நோயாளிக்குத்தான் கடினம். காற்றை வடிகட்டி அனுப்பும் தனி அறையில் முதல் ஒரு வாரம் கடும் மருந்து, சிலருக்குக் கதிர்வீச்சு. நான்கு வயதுக்கு மேற்பட்ட லிம்போபிளாஸ்டிக் நோயாளிகளான குழந்தைகளில் முழு உடல் கதிர்வீச்சு கொடுத்தவர்களையும் மருந்து மட்டும் கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட சர்வதேச ஆய்வு 2021-ல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 91 சதவீதம், 75 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதால் அந்தக் கதிர்வீச்சு வசதி உள்ள மருத்துவமனையா என்று விசாரித்துக்கொண்டு போவது நியாயமானது. பருவமடைந்த பிள்ளைகள், இளைஞர்கள் என்றால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கப்படும் என்பதையும் விந்தணுவைச் சேமித்துவைக்க முடியும் என்பதையும் சிகிச்சைக்கு முன்பே பேசிவிட வேண்டும். நம் வீடுகளில் கூச்சத்தால் யாரும் கேட்பதில்லை, அவசரத்தில் சில நேரம் சொல்வதும் இல்லை.

அப்புறம் மஜ்ஜை ஏற்றும் நாள். அறுவை சிகிச்சை எதுவும் கிடையாது. ரத்தம் ஏற்றுவது போல ஒரு பை நரம்பு வழியாக இறங்குகிறது. குருத்தணுக்கள் தாமாகவே வழி கண்டு மஜ்ஜைக்குள் போய் உட்காருகின்றன. அடுத்த இரண்டு மூன்று வாரம் வெள்ளணு ஏறக்குறைய சுழி. வாயெல்லாம் புண், விழுங்க முடியாது, காய்ச்சல், பேதி. பிறகு ஒரு நாள் கவுன்ட் ஏறத் தொடங்கும். வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நின்றால் ஒட்டிக்கொண்டது என்று பொருள். மெல்ல மெல்ல நோயாளியின் ரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். ஓ பாசிட்டிவாகப் பிறந்தவர் பி பாசிட்டிவாகிவிடுவார். சகோதரியிடமிருந்து பெற்ற ஆணின் ரத்தத்தில் பெண்ணின் குரோமோசோம்கள் ஓடும்.

செலவு பெரும்பாலும் 10 லட்சத்தைத் தாண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு இடம் உண்டு. பிரதமர் நிவாரண நிதிக்கும் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் வழியாக விண்ணப்பிக்கலாம். இந்தக் காகிதங்களையும் எச்.எல்.ஏ. ரத்தம் போகும் அதே வாரத்தில் தொடங்குவது நல்லது. காகிதம் நோயைவிட மெதுவாக நடக்கும். புதிய ஆயுதங்களும் வந்துவிட்டன. நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும்படி மரபணு மாற்றித் திருப்பிச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு, மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 மூலமாக 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. பி செல் என்ற மற்றொரு வெள்ளணு வகையிலிருந்து தோன்றித் திரும்பிய லுக்கேமியா உள்ள, 15 வயது நிறைந்தவர்களுக்கு அதைக் கொடுக்கலாம். பலருக்கு அது நோயை ஆழமாக அடக்கும். அடங்கியபின் மாற்று மஜ்ஜை வேண்டுமா என்பது ஆளைப் பொறுத்த முடிவு.

மாற்று மஜ்ஜைக்குப் பிறகும் நோய் திரும்பலாம். பாதிப் பொருத்தத்தில் அது தப்பிக்கும் விதம் வியப்பானது. கொடையாளரின் டி செல்கள் எந்த எச்.எல்.ஏ. கொத்தை வைத்துப் புற்றணுவை அந்நியம் என்று அறிகின்றனவோ, அந்தக் கொத்தையே புற்றணு தூக்கி எறிந்துவிடுகிறது. 2009-ல் இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். அப்படி நடந்திருந்தால் அதே கொடையாளரின் வெள்ளணுவை மறுபடி ஏற்றிப் பயனில்லை, வேறு கொடையாளரைத் தேட வேண்டும். நடக்கவில்லையென்றால் அதே கொடையாளரின் வெள்ளணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போரைத் தொடரலாம்.

முதல் 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். ஒட்டுத் திசு ஒவ்வாமை தலைகாட்டும் காலம் அது. பிறகு ஊர் திரும்பலாம், ஆனால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தேற ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், மல்லாட்டை உடைக்கும் களம், வீடு இடிக்கும் தூசி எல்லாவற்றிலும் பூஞ்சை விதைகள் பறக்கும். நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. கொதித்து ஆறிய தண்ணீர், அப்போது சமைத்த சோறு. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் நினைவு பழைய மஜ்ஜையோடு போய்விட்டதால் எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும்.

இந்தக் காலத்தில் நம் மாவட்ட மருத்துவர்கள் செய்ய வேண்டிய வேலை பெரியது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். வேலூருக்கோ சென்னைக்கோ போய்ச் சேரவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் பழைய அட்டையில் உள்ள ரத்த வகையை நம்பக் கூடாது, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தமே வேண்டும். ஆகவே நோயாளி ஊருக்குக் கிளம்பும்போதே கொடையாளர் யார், ரத்த வகை என்னவாக மாறியிருக்கிறது, என்ன மாத்திரைகள் ஓடுகின்றன, காய்ச்சலுக்கு எந்த மருந்தை முதலில் போட வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கும் போய்விட வேண்டும். காய்ச்சலுக்கான முதல் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு 108-ஐக் கூப்பிடலாம்.